ஜோஸ் சேட்டனோட எல்பி ரிக்கார்டு

மலைக்குப் போயி ஒரு எல்பி ரிக்கார்டை வாங்கிட்டு வரணும். அன்னைக்கு எனக்கு இருந்த சோலி அது ஒண்ணுதான்.

எண்பதுகள்ல நடந்தது இது. போடியில அப்பாவோட ஏலக்காய் கமிஷன் கடையில நான் உக்காந்திருந்த காலம். உக்காந்திருந்தேன்னுதான் சொல்லணும். வேலை பார்த்தேன்னு சொன்னா அப்பாவுக்கே சிரிப்பு வந்துரும்.

ஊரே சினிமாப் பாட்டு கேட்டுக்கிட்டிருந்தப்ப எங்க மூணு பேருக்கு மட்டும் ஹெவி மெட்டல் பைத்தியம் பிடிச்சிருந்துச்சு. நான், சைக்கிள் கடை பாண்டி, மிளகு யாவாரி வீட்டுப் பையன் ஜெயராஜ். ரசிகர் மன்றம்னு ஒண்ணு வச்சிருந்தா தலைவர், செயலாளர், பொருளாளர் போக, மெம்பருக்கு ஆள் கிடையாது.

வருஷக் கடைசியில மூணு பேரும் ஜெயராஜ் வீட்டு மாடியில கூடி, அந்த வருஷத்துச் சிறந்த ரிக்கார்டு எதுன்னு தீர்ப்புச் சொல்லுவோம். வெளிநாட்டுல அது எந்த வருஷம் வந்துச்சுங்கிறது எங்களுக்குத் தேவையில்ல. போடிமெட்டு மலையில இருந்து எப்பக் கீழ இறங்குச்சோ, அதுதான் அதோட வருஷம்.

ஏன்னா எங்களுக்கு ரிக்கார்டு வர்ற வழி ஒண்ணே ஒண்ணுதான். மேல ஏலத்தோட்டத்துல ரைட்டரா இருந்த ஜோஸ் சேட்டன். ரைட்டர்னா கதை எழுதுறவரு இல்ல. தோட்டத்துல ஆள் கணக்கு எழுதுறவரு. அவரு தம்பிக்குக் கப்பல்ல வேலை. இறங்குற ஊர்ல எல்லாம் அண்ணனுக்குன்னு ஒரு ரிக்கார்டு வாங்கி அனுப்புவாரு. அண்ணன் கேட்டுட்டு எங்களுக்குத் தருவாரு. நாங்க கேசட்டுல ஏத்திக்கிட்டுத் திருப்பிக் குடுத்துருவோம்.

அந்த டிசம்பர்ல போட்டி கடுமையா இருந்துச்சு.

பாண்டி ஒரு மண்டையோட்டு அட்டை போட்ட ரிக்கார்டுக்காக உயிரை விட்டுக்கிட்டிருந்தான். "டிரம்ஸ் அடிக்கிறவன் ரெண்டு காலையும் போட்டு மிதிக்கிறான் மாப்ளே. போடிமெட்டுக்குச் சைக்கிள்ல டபுள்ஸ் வச்சு மிதிச்சாக்கூட அப்பிடி மிதிக்க முடியாது."

ஜெயராஜுக்கு ப்ரோக்ரெசிவ் ராக். ஒரு பக்கம் பூராம் ஒரே பாட்டா ஓடுற ரிக்கார்டு ஒண்ணு அவன் கட்சி. "நடுவுல ஏழு தடவை தாளம் மாறுதுடா. எண்ணிப் பாரு"ம்பான். நானும் எண்ணுவேன். எனக்கு அஞ்சுதான் வரும். ஒருநாள் எட்டு வந்துச்சு. வெளிய சொல்லல.

எனக்கு ரெண்டும் பிடிக்கும். கிட்டார் உறுமிக்கிட்டுக் கிளம்புறப்ப வயித்துக்குள்ள இருந்து ஜிவ்வுன்னு ஒண்ணு ஏறும் பாருங்க, கடை, தராசு, அப்பா எல்லாம் காணாமப் போயிரும். அந்தச் சந்தோசம் எனக்கு வேற எதுலயும் கிடைச்சதில்ல.

இந்த நேரத்துலதான் புது ரிக்கார்டு வந்திருக்குன்னு ஜோஸ் சேட்டன் ஆள் விட்டிருந்தாரு. அது ஹெவி மெட்டலும் ப்ரோக்ரெசிவும் கலந்ததுன்னு தம்பி எழுதியிருந்தாராம். கேட்டதும் எனக்குக் கை கால் ஓடல. காலையில ஆள் ஏத்திட்டுப் போன தோட்டத்து ஜீப்புல தொத்திக்கிட்டேன்.

மேல நல்ல மழை. சேட்டன் மூஞ்சி சுண்டிப் போயி உக்காந்திருந்தாரு.

"கம்பம் சாஞ்சு கரண்டு இல்ல மோனே. ரிக்கார்டு கையில இருக்கு, கேக்க வழியில்ல. நீ போடியில டேப்புல ஏத்திக் கொண்டா. நான் பேட்டரியில கேட்டுக்கிறேன்."

சரின்னேன். பச்சைப் பிள்ளையைத் தூக்கிக் குடுக்கிற மாதிரி ரெண்டு கையாலயும் குடுத்தாரு. குடுத்தவரு விடல. ஒரு ஓரத்தை அவரு பிடிச்சிருக்காரு, இன்னொரு ஓரத்தை நான் பிடிச்சிருக்கேன்.

"ஒரு கீறல் விழுந்துச்சுன்னா நம்ம கூட்டு அன்னைக்கோட தீர்ந்து. பின்னே ஒரு ரிக்கார்டும் மலை இறங்காது. மனசிலாயோ?"

நல்லா மனசிலாயிருச்சு. அந்த வழி அடைபட்டா எங்க மூணு பேருக்கும் நாதியில்ல. கோயில் திருவிழாவுக்குக் குழாய் ஸ்பீக்கர்ல போடுறதைக் கேட்டுக்கிட்டுக் கிடக்க வேண்டியதுதான். அதனால கீறல் விழவே கூடாதுன்னு மனசுக்குள்ள சத்தியம் பண்ணிக்கிட்டுச் சாயங்கால ஜீப்புல ஏறுனேன்.

அந்தச் சத்தியத்துலதான் எல்லாம் கெட்டுச்சு.

ஜீப்புல ஆளுக்கு மேல ஆளு. பின்னாடி பச்சை ஏலக்காய் மூட்டை வேற. மேல படுதா கிழிஞ்சு ஒழுகுது. எனக்குப் பக்கத்துல ஏலக்காய் பறிச்சுட்டு வர்ற சிலமலை ஊர்க்கார ஆத்தா ஒருத்தி. நேரா அவ தலையில சொட்டுது.

"அப்பு, சும்மாதான வச்சிருக்க, அந்த அட்டையக் கொண்டா"ன்னா.

"ஆத்தா, இது பாட்டு ரிக்கார்டு..."

"பாடுனாப் பாடட்டும். எனக்குச் சளி பிடிச்சா நீயா கசாயம் வச்சுத் தருவ?"

வாங்கித் தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டா. நான் எட்டிப் பிடுங்கலாம்தான். பிடுங்குற இழுவையில கீறல் விழுந்துட்டா? சும்மா இருந்துட்டேன். நாலு கொண்டை ஊசி வளைவுக்கு அந்த ரிக்கார்டு குடை வேலை பார்த்துச்சு. "நல்ல அட்டை"ன்னு ஒரு பாராட்டோட திருப்பிக் குடுத்தா. அட்டை ஊறிப்போயி நொதநொதன்னு இருந்துச்சு.

எனக்கு அழுகையே வந்துருச்சு. கீறல் ஒண்ணும் விழல. ஆனா இந்த அட்டையை எந்த மூஞ்சியோட கொண்டு போயி அவருகிட்ட நீட்டுறது?

அப்ப ஜீப்பு ஏலக்காய் ஸ்டோர்ல லோடு இறக்க நின்னுச்சு. ஸ்டோர்னா காய் உலத்துற கட்டடம். வெளியில விறகு அடுப்பு எரியும். அந்தச் சூடு இரும்புக் குழாய் வழியா அறைக்குள்ள ஓடும். உள்ள கம்பி வலையில பச்சைக்காயைப் பரப்பி வச்சிருப்பாங்க. அங்க உலத்துற வேலை மாயாண்டி அண்ணனோடது. என் மூஞ்சியைப் பார்த்தாரு, கையில இருந்த அட்டையைப் பார்த்தாரு.

"இதுக்கா கலங்குற? மழையில நனைஞ்ச பூட்ஸையே உலத்திக் குடுத்திருக்கேன். கொண்டா, வெரசா காஞ்சிரும்."

இங்கதான் நான் என் புத்தியைக் காட்டுனேன். ரிக்கார்டை வெளிய எடுத்துட்டு வெறும் அட்டையைக் குடுத்திருக்கலாம். எடுத்தா எங்க வைக்கிறது? எல்லாம் ஈரம், எல்லாம் மூட்டை, எல்லாம் கை. கீறல் விழுந்துரும்.

ரிக்கார்டு அட்டைக்குள்ளயே இருக்கட்டும், அதுதான் பத்திரம்னு அப்பிடியே தூக்கிக் குடுத்தேன்.

லோடு இறக்குன பின்னால ஜீப்பு கிளம்ப மாட்டேன்னுருச்சு. டிரைவர் பானட்டைத் திறந்து வச்சுக்கிட்டு ஒவ்வொரு ஒயரா நலம் விசாரிச்சாரு. நாங்க டீ குடிச்சோம். திரும்பவும் டீ குடிச்சோம். நானே நாலஞ்சு தடவை, "அண்ணே, காஞ்சிருச்சா?"ன்னு கேட்டேன். "இன்னும் கொஞ்சம் பதம் வரட்டும்"னாரு மாயாண்டி அண்ணே. அவரு பதத்துல ஊர்ல யாரும் குறை சொல்ல முடியாது.

கடைசியில கொண்டாந்து குடுத்தாரு. அட்டை அச்சகத்துல இருந்து இப்பத்தான் வந்த மாதிரி மொறுமொறுன்னு இருந்துச்சு. ஏலக்காய் வாசம் வேற. நான் அவரு கையைப் பிடிச்சுக்கிட்டு, "குலதெய்வம்ணே நீங்க"ன்னு சொன்னேன்.

வீட்டுக்கு வந்து ரிக்கார்டை வெளிய எடுத்தேன். எண்ணெயில போட்ட அப்பளம் ஒண்ணு வெளிய வந்துச்சு.

அலை அலையா வளைஞ்சு, ஒரு ஓரம் மேல தூக்கி, இன்னொரு ஓரம் கீழ தொங்கி. ஒரு கீறல் கிடையாது. சத்தியத்தைக் காப்பாத்திட்டேன்.

மறுநாள் கடையில அப்பா இல்லாத நேரம் ரிக்கார்டைப் பலகையில வச்சு, மேல எடைக்கல்லை எல்லாம் அடுக்குனேன். அப்பா வந்துட்டாரு.

"கல்லை எதுக்குடா எடுத்த? என்னத்தை நிறுக்கிற?"

"ஒண்ணும் இல்லப்பா, தூசி தட்டுறேன்."

நான் கடையில ஒரு வேலை பார்த்து அவரு பார்த்ததே இல்ல. அந்த அதிர்ச்சியில உள்ள போயிட்டாரு. கல்லை எடுத்துப் பார்த்தா, முன்ன ஆறு இடத்துல வளைஞ்சிருந்தது இப்ப ஏழு இடத்துல வளைஞ்சிருந்துச்சு.

வேற வழியில்ல. பாட்டையாவது காப்பாத்துவோம்னு ரிக்கார்டிங் கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். கடைக்கார அண்ணே ரிக்கார்டைச் சுத்தவிட்டாரு. முள்ளு துள்ளித் துள்ளி விழுந்துச்சு. முள்ளு மேல ஒரு நாலணாவை வச்சாரு. இப்ப முள்ளு ஏறுது, இறங்குது, மறுபடி ஏறுது. நம்ம ஜீப்பு போடிமெட்டுக்குப் போற மாதிரியே இருந்துச்சு.

பாட்டும் அப்பிடித்தான். கிட்டார் குழைஞ்சு குழைஞ்சு வருது. பாடுறவன் கத்த ஆரம்பிச்சு, பாதியில மனசு மாறி முனங்குறான். தாளம் கிளம்பி, நின்னு யோசிச்சு, திரும்பக் கிளம்புது.

கடைக்கார அண்ணே என்னையப் பாவமாப் பார்த்தாரு. "தம்பி, இது முழுசா ஏத்தணுமா?"

"முழுசா ஏத்துங்கண்ணே."

ஞாயித்துக்கிழமை ஜெயராஜ் சர்ச்சுக்குப் போயிட்டு வந்ததும் மாடியில கூடுனோம். கேசட்டைப் போட்டேன். போட்ட பின்னால உண்மையைச் சொல்லுவோம்னு வாயைத் திறந்தேன். ஜெயராஜ் கையைக் காட்டி அமட்டுனான். கண்ணை மூடிக்கிட்டிருந்தான்.

"தாளம் மாறுறதைக் கேளுடா. எண்ணவே முடியல."

பாண்டி வாயைப் பொளந்துக்கிட்டு உக்காந்திருந்தான். "பாடுறவன் குரல் அப்பிடியே உருகி ஓடுது மாப்ளே. எப்பிடிடா செய்யிறானுக?"

எப்பிடிச் செஞ்சாங்கன்னு எனக்குத் தெரியும். விறகு அடுப்புல.

ரெண்டு பேரும் அவனவன் கட்சியை விட்டுட்டு இதுக்கு ஓட்டுப் போட்டாங்க. எங்க தீர்ப்புல ஏகமனதா முதலிடம் வந்தது அதுதான் முதல் தடவை. அதுக்கப்புறமாத்தான் நான் அப்பளத்தை வெளிய எடுத்துக் காட்டுனேன்.

பாண்டி அதை வாங்கி ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். அப்புறம் ஜெயராஜ் சொன்னான், "தீர்ப்பு தீர்ப்புதான்." பாண்டி, "சேட்டன்கிட்ட நீயே போ"ன்னான்.

போனேன். ஒரு கையில கேசட்டு, ஒரு கையில ரிக்கார்டு. வழியெல்லாம் என்ன சொல்லலாம்னு யோசிச்சு வச்சிருந்தேன். அவரு வாசல்லயே நின்னு கேசட்டை மட்டும் பிடுங்கிக்கிட்டு உள்ள ஓடிட்டாரு.

"சேட்டா, அதுக்கு முன்னாடி ஒரு விசயம்..."

"மிண்டாதே, பேசாதே. நான் கேக்கட்டும்."

ரெண்டு பக்கமும் கேட்டாரு. நான் வேர்த்து வடிஞ்சுக்கிட்டு நின்னேன். முடிஞ்சதும் கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு.

"இது சாதாரணப்பட்ட ஆளுக்கு விளங்காது மோனே. கேட்டுக் கேட்டுப் பழகுன காது வேணும். எனக்கு முதல் பாட்டுலயே பிடி கிட்டிச்சு. இவன் பாடல, இவன் விலகி நின்னு வாழ்க்கையைப் பார்க்குறான்." அரை மணி நேரம் விளக்கம் சொன்னாரு. பக்கத்துத் தோட்டத்து ரைட்டரையும் கூப்பிட்டு வச்சு அவருக்கும் சொன்னாரு.

வந்தவரு போன பின்னால நான் ரிக்கார்டை எடுத்து மேசை மேல வச்சேன். அது அங்க லேசா ஆடிக்கிட்டு நின்னுச்சு. மழை, ஆத்தா, ஸ்டோரு, எல்லாத்தையும் ஒண்ணு விடாமச் சொன்னேன்.

சேட்டன் ரிக்கார்டைப் பார்த்தாரு. பக்கத்துத் தோட்டத்துக்காரரு போன பாதையைப் பார்த்தாரு. என்னையப் பார்த்தாரு. மூஞ்சி செவந்துச்சு, வெளுத்துச்சு. தீர்ந்துச்சுடா நம்ம கதைன்னு நின்னேன்.

கடைசியில தொண்டையைச் செருமிக்கிட்டு மெதுவாக் கேட்டாரு. "கீறல் இருக்கா?"

"இல்ல சேட்டா."

"அப்ப சரி. இதை ஆரோடும் பறயண்டா."

யாருகிட்டயும் சொல்லக் கூடாதாம், அவ்வளவுதான். எனக்கு உசிரு வந்துச்சு. தம்பிக்கு எழுதிப் போட்டு அதே ரிக்கார்டை இன்னொண்ணு வரவழைச்சாரு. மறு வருஷம் வந்து சேர்ந்துச்சு. கரண்டும் இருந்துச்சு. எங்க மூணு பேரையும் மேல கூப்பிட்டு விட்டாரு. இந்தத் தடவை ரிக்கார்டு கண்ணாடி மாதிரி மட்டமா இருந்துச்சு. முள்ளு அசையல. பாடுறவன் நேராப் பாடுனான். தாளம் சொன்ன இடத்துல வந்து நின்னுச்சு.

ஜெயராஜ் கொட்டாவி விட்டான். பாண்டி ஜன்னல் வழியா மேகத்தைப் பார்த்தான். எனக்கும், உண்மையைச் சொன்னா, சப்புன்னு இருந்துச்சு.

சேட்டன் ரெண்டாவது பாட்டுலயே நிறுத்திட்டாரு. ரிக்கார்டைத் துடைச்சு, அட்டைக்குள்ள போட்டு, என் கையில குடுத்தாரு.

"பச்சையா இருக்கு மோனே. போற வழியில அந்த ஸ்டோர்ல கொஞ்சம் சூடு காட்டிட்டுக் கொண்டா."