ஹார்மோன் அக்காவும் கூவிய லெட்சுமியும்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் சேவலின் ஈரலைப் பற்றி மரியாதையாகப் பேசத் தெரிந்த ஒரே மனிதப் பிறவி எங்கள் ஹார்மோன் அக்காதான். யாராவது இதை மறுத்தால், அவர்கள் அக்காவோடு ஒரு பந்தியில் உட்கார்ந்ததில்லை என்று அர்த்தம்.

நான் உட்கார்ந்திருக்கிறேன். குளுவாங்கில் ஒரு கல்யாணத்துக்கு மறுநாள் கறி விருந்து. பக்கத்து இலைக்காரர் ஆசையாக ஈரல் வறுவலில் கை வைத்தார்.

"அது சேவல் ஈரலா, பெட்டை ஈரலா?" என்றார் அக்கா.

"ஈரல்தான்லா அக்கா. சாப்பிடறதுதானே?"

"அப்படிச் சொல்லாதீங்க. முட்டைக்கருவுக்குச் சரக்கு செய்யற ஜீன் சேவல் ஈரல்லயும் இருக்கு. பெட்டைக்கு ஈஸ்ட்ரோஜன் ஊறுது, அந்த ஜீன் வேலை செய்யுது. சேவலுக்கு ஊறல, சும்மா கெடக்கு. ஒரு ஊசி போட்டுப் பாருங்க, சேவல் ஈரலும் கரு செய்ய ஆரம்பிச்சிடும்!"

மனுஷன் ஈரலை ஓரமாக ஒதுக்கிவிட்டு ரசத்துக்குப் போய்விட்டார்.

அக்கா சிங்கப்பூரில் ஏதோ ஓர் ஆய்வகத்தில் பல வருஷம் ஹார்மோன் சோதனை செய்துவிட்டு, பாலோவில் எங்கள் தாமான் குடியிருப்பில் வீடு வாங்கிக்கொண்டு வந்தவர். ஐம்பதைத் தாண்டிய தனிக்கட்டை. நிஜப் பெயர் தபால்காரருக்குத் தெரிந்திருக்கலாம். ஒருமுறை கோத்தோங் ரோயோங் என்று எல்லோரும் சேர்ந்து லொங்காங் வாய்க்காலைச் சுத்தம் செய்தபோது, கலங்கல் தண்ணீரில் துள்ளிய மீன்களைப் பார்த்து, "பாவம், ஊர்க்கழிவுல வர்ற ஹார்மோன் பட்டு ஆம்பள மீனுக்கெல்லாம் கரு ஊறுதோ என்னமோ" என்று பெருமூச்சு விட்டார். அன்றோடு எங்கள் தாமான் ஆண்கள் அங்கே தூண்டில் போடுவதை நிறுத்திக்கொண்டார்கள். காரணம் கேட்டால் வெயிலைக் குறை சொல்வார்கள்.

இப்படிப்பட்டவர் வீட்டில் ஒரு கோழி வளர்ந்தது. பெயர் லெட்சுமி. ஒழுங்காக முட்டையிட்டுக்கொண்டிருந்த அந்தக் குடும்பப் பெண், திடீரென்று முட்டையை நிறுத்தியது. கொண்டை பெருத்தது. இறகு உதிர்ந்து, புதிதாக முளைத்ததெல்லாம் செம்பொன் நிறத்தில் நீண்டு மினுமினுத்தது. ஒரு காலை மதில்மேல் ஏறி நின்று கூவியே விட்டது. எங்கள் தெரு அதற்கு லெட்சுமணன் என்று பெயர் மாற்றியது.

அது கூவிய நேரம்தான் கெட்ட நேரம். எதிர்வீட்டில் கோயில் தலைவர் மகளைப் பெண் பார்க்கத் தங்காக்கிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். "ஐயோ, லெட்சுமிக் கோழி கூவுது!" என்று தெருவில் யாரோ கத்தினார்கள். மாப்பிள்ளையின் அம்மா கேசரியைக் கீழே வைத்துவிட்டு, "பெட்டையா கூவுது?" என்று கேட்டார். பிறகு, "யோசிச்சுச் சொல்றோம்" என்று எழுந்துவிட்டார்கள். பொறி கலங்கிப்போன தலைவர் வாசலில் நின்று உரக்க வேண்டிக்கொண்டார்: "முனியாண்டி! சம்மதம் மட்டும் வரட்டும், அந்தச் சேவலையே உனக்கு வெட்டறேன்!" அடுத்தவர் கோழியை நேர்ந்துகொள்வதில் அவருக்குத் துளியும் கூச்சமில்லை.

சம்மதமும் வந்து தொலைத்தது.

கோயில் மண்டபத்தில் கூட்டம் கூடியது. அக்கா முகமெல்லாம் சிவந்து, வியர்த்து ஊற்ற, கோயில் நோட்டீஸை மடித்து விசிறிக்கொண்டே எழுந்தார். அவ்வளவு கோபம் என்று நாங்கள் நினைத்தோம்.

"என் கோழிய நீங்க எப்படி நேர்ந்துக்கலாம்?"

"சாமி காரியம் அக்கா," என்றார் தலைவர். "சேவல்னா முனியாண்டிக்கு நேர்ந்தாச்சு. இல்ல, பெட்டைதான்னு சொன்னீங்கன்னா, கூவுற பெட்டை ஊருக்கே ஆகாது. எப்படியும் வெட்டத்தான் வேணும்."

"அலமாக்! அது பெட்டைதான். கோழிக்கு ஒரே ஒரு சினைப்பைதான் வேலை செய்யும். லெட்சுமிக்கு அது கெட்டுப்போச்சு, ஈஸ்ட்ரோஜன் நின்னுபோச்சு. அவ்வளவுதான்! ரிசெப்டரெல்லாம் அப்படியே இருக்கு."

"அது யாரு ரிசெப்டரு?"

அக்கா மண்டபத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "நம்ம கமிட்டி ஆளுங்க மாதிரி. செல்லுக்குள்ள சும்மா உக்காந்திருப்பான். ஹார்மோன் வந்து தொட்டாத்தான் முறுக்கிக்கிட்டு எழுந்திருப்பான். தனியாவும் போகமாட்டான், இன்னொருத்தனை ஜோடி சேத்துக்குவான். ரெண்டு பேருமா டி.என்.ஏ-ல தங்களுக்குன்னு இருக்கிற இடத்தில போய் உக்காந்துக்கிட்டு, இன்னும் நாலு பேரக் கூப்பிட்டு, இந்த ஜீனைத் தொற, அந்த ஜீனை மூடுன்னு சத்தம் போடுவாங்க. மீனு, தவளை, கோழி, நீங்க, நானு, எல்லாருக்கும் இதே கதைதான்."

கமிட்டி ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப அந்தச் சேவல் இறகு?" என்றார் தலைவர்.

"சும்மா விட்டா வர்றதுதான் சேவல் இறகு, தலைவரே. பெட்டை இறகுக்குத்தான் மேலிடத்து உத்தரவு வேணும். திருவிழா வரைக்கும் டைம் குடுங்க, காட்டறேன்."

தலைவர் மீசையைத் தடவிக்கொண்டே டைம் கொடுத்தார். மீசை விஷயத்தில் அக்கா ஏதும் சொல்லிவிடுவாரோ என்று அவருக்கு உள்ளூரப் பயம்.

மறுநாளே அக்கா, புதிதாக முளைக்கட்டும் என்று, லெட்சுமியின் நெஞ்சில் ஒரு கைப்பிடி இறகைப் பிடுங்கினார். தினமும் சோற்றில் எதையோ பொடி செய்து பிசைந்து ஊட்டினார். கேட்டால், "ஈஸ்ட்ரோஜன்லா, வேற என்ன?" என்பார். சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வருவார், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பும் எங்கள் விசிறிக்கு எதிரே உட்காருவார், விசிறி அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் கழுத்தை நீட்டி அதன் பின்னாலேயே போவார். சட்டென்று எரிந்து விழுவார், உடனே சிரிப்பார். கோழிக் கவலை மூளைக்கு ஏறிவிட்டது என்று நானும் என் மனைவி சாந்தியும் பேசிக்கொண்டோம்.

திருவிழாவன்று காலை அக்கா லெட்சுமியை இடுப்பில் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார். கத்தி தீட்டி, பொட்டு வைத்துத் தயாராக இருந்தது. தலைவர் குளித்து நின்றார்.

"பாருங்க!" என்று நெஞ்சு இறகை விலக்கினார். செம்பொன் மினுமினுப்புக்கு நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மங்கிய பழுப்பு நிறத்தில், முனை மழுங்கிய சாதாரண பெட்டைக்கோழி இறகு. "ஒரே ஒடம்பு, ஒரே ஜீனு. ஹார்மோன் வந்ததும் ரிசெப்டர் எழுந்து வேலைய பாத்துட்டான். இது பெட்டைதான்!"

யாருக்கும் ஒரு எழவும் புரியவில்லை. பூசாரி மட்டும் குனிந்து பார்த்தார், தொட்டுப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார்.

"இதுக்கு மறு இருக்கேய்யா. அங்க சேவலு, இங்க பெட்டை. முனியாண்டிக்கு ஒரு கொறையும் இல்லாத சேவல்தான் வேணும். இது ஆகாது."

"அப்ப சகுனம்?" என்றார் தலைவர்.

"சாமியே வேணாம்னு தள்ளுனத நீ வெட்டுவியா? போய் வேற சேவல் வாங்கிட்டு வாய்யா!"

ஒரு முழு விஞ்ஞானத்தை நிரூபித்துவிட்டு, மறு என்ற ஒரே வார்த்தையில் ஜெயித்த ஆள் உலகத்திலேயே எங்கள் அக்கா ஒருத்தர்தான். அது பற்றி அவருக்கு வருத்தமே இல்லை. லெட்சுமியைக் கட்டிக்கொண்டு அழுதார், நோட்டீஸால் விசிறிக்கொண்டே அழுதார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. லெட்சுமி அதற்குப் பிறகும் எப்போதாவது கூவியது, ஊர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாந்திதான் ஒருநாள் அக்கா வீட்டுச் சமையலறையில் காலி மாத்திரை அட்டைகளைப் பார்த்துக் கேட்டிருக்கிறாள். மாதவிடாய் நின்ற பிறகு வந்த வெக்கைக்கும் தூக்கமின்மைக்கும் டாக்டர் அக்காவுக்குக் கொடுத்த மாத்திரைகள் அவை. தலைவர் நேர்ந்துகொண்ட அன்றிலிருந்தே அக்கா அவற்றைத் தான் விழுங்காமல் சேர்த்துவைத்து, கோழிக்கு ஊட்டியிருக்கிறார்.

"அப்ப உங்களுக்கு?" என்று சாந்தி கேட்டாளாம்.

"எனக்கு வேர்த்தா தொடச்சிக்கலாம்லா. அதுக்குக் கழுத்தே போயிரும்."

அக்கா இப்போதும் சாயங்காலம் வருகிறார், சேவல் ஈரலைப் பற்றிப் பேசுகிறார், நாங்கள் இப்போதும் ஈரல் சாப்பிடுவதில்லை. ஆனால் அவர் உட்கார்ந்ததும் சாந்தி எழுந்துபோய் விசிறியின் குமிழை அழுத்திவிடுகிறாள். அவர் இருக்கும்வரை எங்கள் வீட்டு விசிறி பக்கம் திரும்புவதில்லை, அவர் முகத்தைப் பார்த்தே வீசுகிறது.