டியூஷனுக்கு ஒரு டியூஷன்

"டியூஷன்ல சேர்றதுக்கே பரீட்சையா?" விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டார் கண்டக்டர் முத்துக்குமரன்.

"ஜூடு சார்னா சும்மாவாண்ணே? அவர்கிட்ட பத்தாவது இங்கிலீஷ் படிச்ச புள்ளைக ஒண்ணுகூட தொண்ணூறுக்குக் கீழ வந்ததில்ல. மே இருபது நுழைவுத் தேர்வு," என்றார் டிரைவர் காளை. பஸ் பரவை மார்க்கெட்டைத் தாண்டியது.

பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தை முத்துக்குமரன் மூன்றாம் முறைதான் தாண்டினார். மகள் பவதாரிணி ஜூனில் பத்தாவது போகிறாள். இது ரத்தத்தில் வந்து தொலைந்திருந்தால்?

அன்றே தாமரைச்செல்வி மிஸ்ஸைப் பிடித்தார். ஜூடு சாரின் நுழைவுத் தேர்வுக்கென்றே தனி வகுப்பு நடத்துபவர். தினமும் மாலை நாலு முதல் ஆறு.

"அப்பா, சாயந்தரம் நான் ஒரு எடத்துக்குப் போகணும்..." என்றாள் பவதாரிணி.

"பரீட்சையை விட அப்படி என்ன எடம்? ஊர்க்கதை பேசுனது போதும்!"

அவளுடைய போனையும் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

நாலாம் நாள் மிஸ் கூப்பிட்டார். "கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்றா சார். ஆனா மனசு இங்க இல்ல."

மனசு இல்லையென்றால் மார்க் எங்கிருந்து வரும்? ஆரப்பாளையத்தில் காலை வகுப்பு ஒன்றும் சேர்ந்தது. போதாதென்று, வீட்டில் இனி ஆங்கிலம்தான் என்று சட்டம் போட்டார்.

அன்றிலிருந்து அவரும் மனைவி சரண்யாதேவியும் மோருக்கும் ஊறுகாய்க்கும் கை ஜாடையில் பேசிக்கொண்டார்கள். பவதாரிணி மட்டும் ஒரு நாள் கண் கலங்க, நிறுத்தாமல் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். முத்துக்குமரனுக்கு 'ஈவினிங்' மட்டும் பிடிபட்டது.

"வெரி குட்!" என்றார்.

மே பதினெட்டு. "அண்ணே, குடி முழுகிருச்சு! ஜூடு சார் தேர்வையே நிறுத்திட்டாராம். இந்த வருசம் புதுசா யாரையும் சேக்கலயாம்!"

"ஏன்டா காளை?"

"வீட்டுல என்னமோ பிரச்சினையாம். அவர் வீடு விளாங்குடியில உங்க பின்தெருதான, போய்க் காலைப் புடிங்க."

பின்தெருவா! ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு மகளை இழுத்துக்கொண்டு ஓடினார்.

ஜூடு சார் இரண்டாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். கட்டிலுக்கு அடியில் இரண்டு சின்னக் கால்கள் தெரிந்தன.

"மன்னிச்சிருங்க. என் மகளுக்கே நான் சொல்லிக்குடுக்க முடியல. சாயந்தரம் ஒரு டீச்சர் வந்து அம்புட்டு அழகா படிக்க வச்சாங்களாம். அந்த நேரம் நான் கிளாஸ்ல இருப்பேன், முகம்கூடப் பாத்ததில்ல. ரெண்டு வாரமா அவங்க வரல. இவ என் குரலைக் கேட்டாலே கட்டிலுக்கு அடியில போயிர்றா. இதுல ஊரார் புள்ளைகளுக்கு நான் எங்க சொல்லிக்குடுக்க?"

முத்துக்குமரன் கைகூப்பினார். "அந்த டீச்சர் எங்க இருந்தாலும் நான் புடிச்சுட்டு வாரேன் சார்! எம் மகளை மட்டும் சேத்துக்கங்க!"

"அப்பா..." என்றாள் பவதாரிணி.

"நீ பேசாத!"

தண்ணீர்ச் செம்போடு வந்த ஜூடு சாரின் மனைவி ஆன்சி, வாசலைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

"பவதாரிணி மிஸ்! ரெண்டு வாரமா எங்க போயிட்டீங்க? உங்ககிட்ட மட்டும்தான் இங்கிலீஷ் படிப்பேன்னு பாப்பா ஒத்தக்கால்ல நிக்கிறா!"