படம்: மலர்விழி, அரியலூர்

தனியாக இருப்பவனுக்கு யாரும் பதில் எழுதிவிடக் கூடாது. புத்தி கெட்டுப்போகும். எனக்குக் கெட்டது.

அப்போது பெரம்பலூரில் ஒரு சின்னக் கம்பெனியில் இணையப் பாடங்கள் தயாரிக்கும் வேலை. சொந்த ஊர் மீன்சுருட்டி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறை. ஆபீசில் எல்லோர் காதிலும் ஹெட்போன். மெஸ்ஸில் பரிமாறுகிறவர் கேட்காமலேயே இட்லியை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். சில ஞாயிறுகளில் என் குரலை நானே கேட்டதில்லை. பேச ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

சுண்ணாம்புக்கல் பாடத்துக்குப் படம் தேடியபோது அரியலூர்ப் பக்கத்துச் சுரங்கம் ஒன்றின் படம் கிடைத்தது. திறந்த உரிமம், எடுத்தவர் பெயரைப் போட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். எடுத்தவர் மலர்விழி, அரியலூர். பெயரைப் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்த்திருக்கலாம். நானோ அனுமதி கேட்டு நீளமாக மெயில் எழுதினேன். (முக்கால்வாசி பெரம்பலூர் வெயிலைப் பற்றி.)

பதில் வந்தது. "கேட்கவே வேண்டாம். உரிமத்தில் சொன்னபடி பெயர் போட்டால் போதும். நன்றி." கீழே அவருடைய அப்பாவின் போட்டோ ஸ்டூடியோ முகவரி. அந்த 'நன்றி'யைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

எங்கள் பக்கம் ஒருவர் பெயரைக் கல்யாணப் பத்திரிகையில் போட்டால் நேரில் போய்க் கொடுக்க வேண்டும். தபாலில் அனுப்பினால் சாகும்வரை சொல்லிக்காட்டுவார்கள். பாடத்துக்கும் அதே முறைதான் என்று நானே சட்டம் போட்டுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பாடப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அரியலூருக்கு பஸ் ஏறினேன்.

வெறுங்கையோடு போகலாமா? இறங்கியதும் பழம் வாங்கினேன். பழக்கார அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நல்ல காரியத்துக்குப் போறாப்ல இருக்கு, பூவு வாங்கலியா தம்பி?" வாங்கினேன். (யாராவது அக்கறையாகச் சொன்னால் அன்று செங்கல்கூட வாங்கியிருப்பேன்.)

ஸ்டூடியோ பூட்டியிருந்தது. பின்னால்தான் வீடு. கதவைத் திறந்த அப்பா பழத்தைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார்.

"மலர்விழி விஷயமா வந்தேங்க," என்றேன்.

"உள்ள வாங்க தம்பி."

நாற்காலி வந்தது. காபி வந்தது. பக்கத்து வீட்டிலிருந்து சித்தப்பா வந்தார்.

"ஊரு எதுங்க?"

"மீன்சுருட்டிங்க."

"மீன்சுருட்டில எந்தத் தெரு?"

சொன்னேன். சம்பளம், நிலம், ஒரே தங்கை, எல்லாம் கேட்டார்கள். எல்லாம் சொன்னேன். "தனியா இருக்கீங்களே, சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க?" என்று மலர்விழியின் அம்மா கேட்டார். பெரம்பலூர் வந்ததிலிருந்து யாரும் என்னை எதுவும் கேட்டதில்லை. சின்ன வயதில் மஞ்சள் காமாலை வந்ததுவரை ஒப்பித்தேன். உலகத்திலேயே நல்ல குடும்பம் இதுதான் என்று பட்டது.

சித்தப்பா செருமினார். "எல்லாஞ் சரிதான். வூட்டுப் பெரியவங்க யாரும் வரலியே?"

"ஒரு படத்துக்குப் பேரு போடுறதுக்குப் பெரியவங்க எதுக்குங்க?"

சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். நான் பிரிண்டை நீட்டினேன். அந்த நேரம் பார்த்து மலர்விழி அவசரமாகக் கட்டிய பட்டுப் புடவையில் உள்ளேயிருந்து வந்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பூமி பிளக்கவில்லை.

அவர் காகிதத்தை வாங்கிப் படித்தார். முகம் சிவந்திருந்தாலும் குரல் நிதானமாக இருந்தது.

"பேரு போட்டிருக்கீங்க. என்ன லைசென்ஸுன்னு போடல. எங்கேர்ந்து எடுத்தீங்கன்னு லிங்க் இல்ல. படத்த வேற வெட்டியிருக்கீங்க, வெட்டுனேன்னும் போடணும்."

ஆக, எதற்காக இவ்வளவு தூரம் வந்தேனோ அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை. அப்பா எழுந்து, "பெரம்பலூருக்கு பஸ் இருக்குங்களா?" என்றார். பழத்தைத் திருப்பித் தந்தார்கள். பூவை யாரும் தொடவில்லை.

பஸ் பாதி வழி போகுமுன் என் அம்மா போனில் வந்துவிட்டாள். அந்தச் சித்தப்பாவின் கொழுந்தியாளை எங்கள் தெருவில்தான் கொடுத்திருக்கிறார்களாம்.

"பொண்ணு கேட்டுப் போனியாமே. பெத்தவங்க நாங்க உசுரோடதானே இருக்கோம்?"

நடந்ததைச் சொன்னேன்.

"சரி, அதுக்கு எதுக்குடா சம்பளம், சோறு, மஞ்சக் காமாலைன்னு எல்லாத்தையும் கொட்டுன?"

"அவங்க கேட்டாங்கம்மா."

அம்மா திட்டுவதை நிறுத்தினாள். பிறகு, "என்ன சாப்ட்ட?" என்றாள்.

அன்று தொடங்கி இன்றுவரை அம்மா தினமும் சாயங்காலம் கூப்பிட்டு அதைக் கேட்கிறாள். அதே அறை, அதே மெஸ், அதே இட்லி என்று தெரிந்தும் கேட்கிறாள். தங்கை மட்டும் பின்னாலிருந்து கத்துவாள்: "சட்டை, பழம், பூவு எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு, லைசென்ஸ்தான் இல்லாம போச்சுன்னு சொல்லும்மா." அங்கே வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன், அவர்கள் போனை வைக்கும்வரை.