நமசிவாயம் கோல் காத்த கதை

"அப்பா, உங்களைத்தான் கேக்கினம்," என்றான் நிரூபன்.

நமசிவாயம் கேட்காதமாதிரி எதிரே நின்ற பனையைப் பார்த்தார்.

மைதானத்தின் நடுவில் விளையாட்டுக் கழகத் தலைவர் தம்பிஐயா ஒரு தகரப் புனலை வாயில் வைத்துக் கத்திக்கொண்டிருந்தார். குடாநாட்டில் சண்டையால் மின்சாரம் நின்று ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது, புனல்தான் ஒலிபெருக்கி. ஊர் அணியின் கோல்கீப்பர் வரும் வழியில் சைக்கிளால் விழுந்து கையை முறித்துக்கொண்டான். வேறு ஆள் இல்லை. சனத்துக்குள் பழைய விளையாட்டுக்காரர் யாராவது இருந்தால் தயவுசெய்து வரலாம்.

"எழும்புங்கோ அப்பா."

"சும்மா இரு. இளம் பெடியளைத்தான் கேக்கினம்."

"பழைய ஆக்களெண்டெல்லோ சொன்னவர்."

பிழை நமசிவாயத்தினுடையதுதான். இரண்டு வருடத்துக்கு முன் மனைவி செல்வநாயகி காய்ச்சலில் செத்த பிறகு பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. கதை சொன்னால் இறங்கியது. ராசா கதை, நரிக் கதை எல்லாம் அவளிடம்தான் இருந்தன. கூட்டுறவுச் சங்கக்கடையில் சீனி சுற்றுகிற பழைய பேப்பரில் நமசிவாயம் வாசிப்பது விளையாட்டுப் பக்கம். ஆகவே எட்டு வயதில் தான் முதன்முதலாக உதைபந்தாட்டம் பார்க்கப் போன கதையை அவிழ்த்துவிட்டார். அடுத்த நாள் பிள்ளை மிச்சத்தைக் கேட்டான். கதைக்குள் மாட்ச் பார்க்கப் போன சிறுவன் மூன்றாம் மாதம் பாடசாலை அணியில் சேர்ந்தான். போன தை மாதம் அதற்குத் தலைவனாகிவிட்டான்.

உண்மையில் எட்டு வயதுப் பின்னேரங்களை அவர் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்துக் கழித்தார். மகனுக்கு இதுதான் முதல் மாட்ச். தகப்பனுக்கும் இதுதான்.

நிரூபன் பொறுக்கமாட்டாமல் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டான். அவர் அடுத்தவரிடம் சொன்னார். கதை புனல்வரைக்கும் போய்ச் சேர, தம்பிஐயாவே நேரில் வந்து நின்றார்.

"என்ன நமசிவாயம், இவ்வளவு நாளும் ஏன் ஒளிச்சு வைச்சனீர்?"

"முழங்காலிலை பழைய அடி அண்ணை. ஓடேலாது."

"அப்ப இன்னும் நல்லது. கோல்கீப்பர் எங்கை ஓடப்போறார்?"

வேட்டியோடு வந்துவிட்டதாக நமசிவாயம் சொன்னார். கை முறிந்தவனுடைய களிசான் வந்தது. அது இடுப்பில் நிற்கவில்லை என்று காட்டினார். யாரோ சைக்கிள் ரியூப்பில் ஒரு கீலம் வெட்டி வந்து இறுக்கிக் கட்டினார்கள். இனி மூச்சும் விடமுடியாது, களிசானைக் கழற்றவும் முடியாது. மகன் முன்வரிசைக்கு நகர்ந்து சப்பாணி கட்டி இருந்துகொண்டான். அவன் முகத்தைப் பார்த்தபிறகு நமசிவாயத்துக்கு வேறு சாட்டு வரவில்லை. போய்க் கம்பங்களுக்கு நடுவில் நின்றார்.

எதிரணி கடற்கரைப் பெடியள். அவர்களுடைய சிமியோன் முதல் பந்தை அடித்தபோது நமசிவாயம் கண்ணை மூடினார். திறந்தபோது எல்லோரும் அவருக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவதுக்குக் கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். பந்து வருவது தெரிந்தபடியால் விலகி வழிவிட்டார். மூன்றாவது வெளியே போகவேண்டிய பந்து. அதைத் துணிந்து மறித்தார். காலில் பட்டு உள்ளே போனது. ஆறாவது கோலுக்குக் கடற்கரைச் சனமே கை தட்டவில்லை.

நிரூபன் குனிந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆமியின் ஹெலி ஒன்று வரட்டும், மாட்ச் நிற்கட்டும் என்று நமசிவாயம் வேண்டினார். அன்றைக்குக் குடாநாட்டில் அப்படி வேண்டிய ஆள் அவர் ஒருவராகத்தான் இருக்கும். வேண்டுதல் பலித்தது. வடக்குப் பக்கமிருந்து சத்தம் கேட்டதும் சனம் சிதறிப் பனைகளுக்குக் கீழே விழுந்து படுத்தது. அவரும் ஒரு பனை வடலிக்குள் புகுந்துகொண்டு, மகன் எங்கே என்று தலையைத் தூக்கித் தேடினார். அவன் மைதானத்துக்கு அந்தப் பக்கம், கடற்கரைப் பெடியளுக்கு நடுவில் படுத்திருந்தான். ஆறு கோல் அடித்த சிமியோனுக்குப் பக்கத்தில். ஹெலி தலைக்கு மேலே நிற்கும்போதுகூடத் தகப்பனோடு படுக்க அவனுக்கு வெட்கம்.

நமசிவாயம் முகத்தை மணலில் வைத்துக்கொண்டார். சுட்டால் சுடட்டும் என்று இருந்தது.

ஹெலி இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுச் சுடாமல் போய்விட்டது. அதையே இடைவேளையாக எடுத்துக்கொள்ளலாம் என்று மத்தியஸ்தர் சொன்னார்.

திரும்ப விசில் ஊதியதும் நமசிவாயம் தன்னுடைய கம்பத்துக்குப் போனார். அங்கே எதிரணிக் கோல்கீப்பர் நின்றான். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறவேண்டும் என்பதை எந்தப் பேப்பரிலும் போடுவதில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஊர் இரண்டு பேரையும் பார்த்தது. வேறு வழியில்லாமல் நமசிவாயம் அவனுடைய கையைப் பிடித்துக் குலுக்கி, நல்லாய் விளையாடும் தம்பி என்று வாழ்த்திவிட்டு, மறுபக்கத்துக்கு ஆறுதலாக நடந்து போனார். சனம் கை தட்டியது. இதுதான் பழைய விளையாட்டுக்காரரின் பண்பு என்று தம்பிஐயா புனலில் அறிவித்தார்.

பிறகு நடந்ததுதான் அதிசயம். சிமியோன் அடித்த பந்து நேரே நெஞ்சுக்கு வந்தது. நமசிவாயம் கட்டிப்பிடித்தார். அடுத்தது கைக்குள் வந்து இருந்தது. அதற்கடுத்தது உருண்டு வந்து காலடியில் நின்றது. பதினொரு பந்து, ஒன்றுகூட உள்ளே போகவில்லை. கடைசி இரண்டுக்கும் அவர் தேவையில்லாமல் பாய்ந்தும் காட்டினார். ஆறுக்குப் பூச்சியமாகத் தோற்ற ஊர் அணி, கோல்கீப்பரைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றியது.

வீட்டுக்குப் போகும்போது சைக்கிள் பாரில் இருந்த மகனிடம் நமசிவாயம் சொன்னார்: "முதல் பாதியிலை வேணுமெண்டுதான் விட்டனான். அவையின்ரை அடியைப் படிக்கவேணுமெல்லோ."

"ஓம் அப்பா."

"மிச்சத்தைச் சாப்பிடேக்கை சொல்லுறன்."

"ஓம் அப்பா."

பின்னால் மணி அடித்தது. சிமியோன் சைக்கிளைப் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு வந்து, நிரூபனின் தலையில் ஒரு தட்டுத் தட்டினான்.

"தம்பி, ஹெலி வரேக்கை நீ வந்து கேட்டமாதிரி உன்ரை அப்பாவின்ரை கைக்கு நேரைதான் அடிச்சம், ஆனா அவருக்கு இதுதான் முதல் மாட்ச் எண்டதை நீ சொல்லாட்டிலும் எங்களுக்கு விளங்கியிருக்கும்."