இன்னும் கொஞ்சூண்டு

உலகத்தில் 'கொஞ்சூண்டு பாக்கி' என்றொரு மனித இனம் இருக்கிறது. எதையும் அரைகுறையாக விடுகிற சோம்பேறிகள் என்று நினைத்துவிடாதீர்கள். இவர்கள் வேலையை முடித்துவிடுவார்கள். முடித்த பிறகுதான் ஆரம்பிப்பார்கள்.

என் அண்ணியையே எடுத்துக்கொள்ளுங்கள். துணிக் கலைஞர். நீளவாக்கில் ஓடும் பாவு நூலைத் தறியில் பூட்டி, அந்த நூல்கள் மேலேயே தூரிகையால் படம் வரைந்து, வரைந்ததை நெய்து, நெய்ததன் மேல் மரத்தில் செதுக்கிய அச்சை மையில் தோய்த்து ஒற்றி... மூச்சு வாங்குகிறதா? என் அண்ணனுக்கு இதுதான் இல்லற வாழ்க்கை. கூடத்தைத் தறி பிடித்துக்கொண்டதால் அவர் சாப்பிடுவது கட்டிலில். துவைக்கிற தொட்டியில் எப்போதும் ஏதாவதொரு நீலம் ஊறிக்கொண்டிருக்கும். கூடவே அவருடைய பனியனும்.

சிக்கல் என்னவென்றால், அண்ணி ஒருவர் அல்ல, மூன்று பேர். நெய்கிற அண்ணி விட்ட கோணலை வரைகிற அண்ணி வண்ணம் பூசி மறைப்பார். வண்ணம் கூடிப்போயிற்று என்று அச்சடிக்கிற அண்ணி அதன் தலையில் ஒரு பறவையை உட்கார வைப்பார். பறவை உட்கார்ந்த இடம் சரியில்லை என்று நெய்கிற அண்ணி அந்தப் பகுதியையே பிரித்துப்போடுவார். இவர்களுக்குள் யார் பஞ்சாயத்து பண்ணுவது?

அன்று மாலை அண்ணியின் முதல் கண்காட்சி. மதியம் தாண்டியும் துணி தறியிலேயே இருந்தது. கண்காட்சி நடத்துகிற அம்மாள் போனில் கத்தினார்.

"இன்னும் ஒரு மணி நேரத்துல துணி வரலேன்னா, உங்களுக்கு ஒதுக்கின சுவரைப் புகைப்படக்காரருக்குக் குடுத்துடுவேன்!"

"முடிஞ்சிடுச்சுங்க. இன்னும் கொஞ்சூண்டுதான்" என்றார் அண்ணி, பறவைக்குக் கண் வைத்தபடி.

அண்ணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "கத்தரிக்கோல எங்க வச்ச?"

"எதுக்குங்க?"

"நகம் வெட்டத்தான்."

அண்ணி அசையவில்லை. எப்படி அசைவார்? கத்தரிக்கோல் மேல்தான் உட்கார்ந்திருந்தார்.

வேறு வழியில்லாமல் நான் களத்தில் இறங்கினேன். "அண்ணி, அது வாத்தா?"

"வாத்தா!" என்று துள்ளி எழுந்தார். அவ்வளவுதான், அண்ணன் பாய்ந்தார். கரக் கரக்கென்று பாவு நூல் முழுவதும் அறுந்து, துணி அவர் மடியில் விழுந்தது. அண்ணி போட்ட சத்தத்தில் மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

ஆனால் சுவரில் தொங்கியபோது பார்க்க வேண்டுமே! வந்தவர்கள் எல்லாம் அதன் முன்னாலேயே கூடிவிட்டார்கள். எனக்கே பெருமை தாங்கவில்லை. அண்ணியைப் பாராட்டலாம் என்று தேடினால், ஆள் சுவரோரம். கையில் தூரிகை. காவலாளி குறுக்கே நின்றுகொண்டிருந்தார்.

"தொடக் கூடாதும்மா."

"இது நான் பண்ணதுங்க!"

"அதான் பண்ணிட்டீங்கள்ல? அப்புறம் என்னம்மா?"

அண்ணனும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அண்ணியை இழுத்துவந்தோம். திரும்பிப் பார்க்கிறேன்: காவலாளி இரண்டு பக்கமும் நோட்டம் விட்டு, துணியின் ஓரத்தை மெல்ல இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"லேசா கோணலா இருந்துச்சு சார்" என்று வழிந்தார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் படித்துக்கொண்டே வரும்போது, 'இங்கே ஒரு வரியைக் குறைத்திருக்கலாமே' என்று எங்காவது கை அரித்ததா, இல்லையா?

முதலில் அந்தப் பென்சிலைக் கீழே வையுங்கள்.