கிளாரி போட்ட கடைசி பீர்

மீன் வறுக்க மாவு கரைக்கத்தான் தெல்மா அந்தப் பாட்டிலை எடுத்தாள். மாவில் பீர் ஊற்றினால் மொறுமொறுவென்று வரும் என்று பக்கத்து வீட்டு மேவிஸ் சொல்லியிருந்தாள். மூடியை நெம்பினாள். 'உஸ்' என்று ஒரு சத்தம் வர வேண்டுமே? மூச்சே இல்லை. கிண்ணத்தில் ஊற்றினால் ஆறிப்போன டீ மாதிரி சப்பென்று விழுந்தது.

தெல்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

அவள் புருஷன் கிளாரி போட்ட கடைசி பீர் அது. முப்பது பாட்டில். குயின்ஸ்லாந்தின் ஜூலைக் குளிரில், ஆள் உயரக் கட்டைக்கால்கள் மேல் நிற்கும் வீட்டுக்கு அடியில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் மூடி அடித்துவிட்டு, "நவம்பர்ல எனக்கு எழுபது. அன்னைக்குத்தான் திறக்கணும், அதுக்கு முன்னாடி எவன் தொட்டாலும் கையை ஒடிச்சிடுவேன்" என்று சொல்லிக்கொண்டே மேலே வந்தவர், மறுநாள் காலை எழுந்திருக்கவில்லை. அவருடைய கூட்டாளிகள் லெஸ், கெவ், பெர்சி மூவரும் அடக்கத்தன்றே சொல்லிவிட்டார்கள்: "எழுபதுக்கு நாங்க வருவோம் தெல்மா. அவன் பீரைக் குடிச்சுத்தான் அவனை வழியனுப்பணும்."

அவர்கள் வர இன்னும் பன்னிரண்டே நாள்.

"பாட்டில்ல அடைக்கும்போது சர்க்கரை போடணும் மேவிஸ். அது புளிச்சாத்தான் கேஸ் வரும். அந்த மனுஷன் அதை மறந்துட்டார்" என்று வேலி மேல் சாய்ந்து அழுதாள். "அன்னைக்கே நெஞ்சு வலிச்சிருக்கு, எங்கிட்ட சொல்லல. நான் பாட்டுக்கு மேல உக்காந்து ஸ்வெட்டர் பின்னிக்கிட்டு இருந்தேன்."

"அழாதே. பீர் போடற சாமான் விக்கற கடைக்காரனுக்கு ஒரு போன் போடு."

தெல்மா, குடியைப் பாவம் என்று ஒதுக்கும் மெதடிஸ்ட் சபை வீட்டுப் பெண். பீரை வாயில் வைத்ததே கிடையாது. மீனோடு எண்ணெயில் வெந்தால் பாவமில்லை என்பது அவளே செய்துகொண்ட ஏற்பாடு. ஆனால் முப்பது வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் அவள் காதிலேயே இருந்தன. நாலு பேரும் வீட்டுக்கு அடியில் கூடுவார்கள். அவள் சாண்ட்விச் தட்டைப் படியில் வைத்துவிட்டு வந்துவிடுவாள். தரைப் பலகை இடுக்கு வழியாக மால்ட் வாசனை ஏறி வரும். கூடவே கெவ்வின் குரல்: "ஆஹா! தேவாமிர்தம்டா கிளாரி!" சாயங்காலம் கிளாரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படியேறி வந்து, "கேட்டியா? கேட்டியாடி?" என்பார். அந்தப் பெருமையில் இரண்டு நாள் பாத்திரம்கூடத் தேய்த்துக் கொடுப்பார். இப்போது தரைக்குக் கீழே ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதிதான் அவளை இந்த நாலு மாதமாகக் கொன்றுகொண்டிருந்தது.

பீர் சாமான் கடைக்காரன் பொறுமைசாலி.

"என்ன வகைம்மா? லாகரா, ஏலா, ஸ்டவுட்டா?"

"பழுப்பா இருக்கு."

"எவ்வளவு பழுப்பு?"

"எங்க சர்ச் பியானோ கலர்."

"அப்ப ஏல்தான். பாட்டிலுக்கு ஒரு டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டி. திரும்ப மூடி அடிச்சு வெதுவெதுன்னு வைங்க. பத்து நாள் ஆகும். நடுவுல திறந்து திறந்து பாக்காதீங்க."

சொன்னபடியே போட்டு மூடியவள், மூன்றாம் நாளே திறந்து பார்த்தாள். யாராக இருந்தாலும் பார்ப்பார்கள். சத்தமே இல்லை.

"ஈஸ்ட் செத்திருக்கும்" என்று தீர்ப்புச் சொன்னாள் மேவிஸ். "ரொட்டி ஈஸ்ட் ஒரு சிட்டிகை போடு. சர்க்கரையும் இன்னும் ரெண்டு ஸ்பூன் சேரு. கிளாரிக்குச் செய்யறதுல என்ன கஞ்சத்தனம்?"

அத்தனை மூடியையும் நெம்பி, போட்டு, மறுபடி அடித்து முடிப்பதற்குள் தெல்மாவின் தோள்பட்டை கழன்றுவிட்டது. மறுநாளிலிருந்து வெயில் பிடித்துக்கொண்டது. குயின்ஸ்லாந்து வெயிலுக்கு யார் சொல்லித்தர வேண்டும்?

எட்டாம் நாள் மத்தியானம் 'டமார்' என்றது. மேவிஸ் தன் தக்காளிப் பாத்தியில் குப்புற விழுந்தாள்.

"சுடறாங்க தெல்மா! படுத்துக்கோ!"

"சுடலடி, என் பீர்!"

அடுத்த டமார், அதற்கடுத்த டமார். தெல்மா போனுக்கு ஓடினாள்.

"மொத்தம் எவ்வளவு சர்க்கரை போட்டீங்க?"

"மூணு ஸ்பூன். கொஞ்சம் ரொட்டி ஈஸ்ட்டும்."

பொறுமைசாலிக் கடைக்காரனே கத்திவிட்டான். "அம்மா, உங்க வீட்டுக்கு அடியில இருக்கறது பீர் இல்ல, வெடிகுண்டு. ஈரச் சாக்கு போட்டு மூடுங்க. ஒண்ணொண்ணா மூடியைத் தளர்த்திக் காத்தை வெளியே விடுங்க. மூஞ்சியைக் கிட்ட கொண்டுபோகாதீங்க."

கிளாரியின் கிரிக்கெட் பேடுகளைக் காலில் கட்டிக்கொண்டு, ஜாம் காய்ச்சும் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தெல்மா இறங்கினாள். குப்பைத்தொட்டி மூடியைக் கேடயமாகப் பிடித்தபடி மேவிஸ் பின்னால் வந்தாள். முதல் மூடி தளர்ந்ததுதான் தாமதம், பீர் பீறிட்டுக் கிளம்பி, பலகை இடுக்கில் புகுந்து, மேலே கூடத்துக் கம்பளத்தை நனைத்தது. மீதிப் பாட்டில்களும் அப்படியே. கடைசியில் ஒவ்வொன்றிலும் அடியில் ஒரு விரற்கடைச் சேறு மட்டும் மிஞ்சியது.

தெல்மா ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அவர் கையால செஞ்ச கடைசிப் பொருள், மேவிஸ். அவர் மறந்ததை நான் சரிபண்றேன்னு போயி மொத்தத்தையும் தொலைச்சுட்டேன். அவங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"கடையில வாங்கி கிளாரி பாட்டில்ல ஊத்திடலாம். அவர் பேரு நிலைக்கணுமா வேணாமா?"

அப்படித்தான் தெல்மா ஆயுளில் முதல்முறையாகச் சாராயக் கடைக்குப் போனாள், தலையில் துணி கட்டிக்கொண்டு. மூன்று பெட்டி பீரோடு வெளியே வரும்போது எதிரே வந்தார் பாதிரியார்.

"மீன் வறுக்க" என்றாள்.

"நல்ல பெரிய மீன்" என்றார் அவர்.

கிளாரிக்கு எழுபது நிறையும் சனிக்கிழமை காலை தெல்மாவும் மேவிஸும், "சாய்ச்சு ஊத்துடி, நுரை போயிடப் போவுது" என்று ஒருத்தியை ஒருத்தி அதட்டிக்கொண்டே, மீந்த பாட்டில்களைக் கழுவி, நிரப்பி, மூடி அடித்தார்கள்.

மத்தியானம் கூட்டாளிகள் மூவரும் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, வழக்கம்போல் வீட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்தார்கள். கிளாரியின் நாற்காலியை யாரும் தொடவில்லை. இந்தத் தடவை தெல்மா தட்டை வைத்துவிட்டுத் திரும்பவில்லை. படியிலேயே நின்றாள்.

லெஸ் மூடியை நெம்பினார். 'உஸ்ஸ்' என்றது. கோப்பையில் வெள்ளை வெளேரென்று நுரை ஏறி விளிம்பில் நின்றது. அப்பாடா, மானம் பிழைத்தது என்று தெல்மா மூச்சை விட்டாள்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு மிடறு குடித்தார்கள். யாரும் 'ஆஹா' சொல்லவில்லை. கெவ் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார்.

முப்பது வருஷத்தில் கடுகுச் சட்னி கேட்பதற்கு மட்டுமே வாயைத் திறந்திருந்த பெர்சி, கோப்பையைத் தரையில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"முப்பது வருஷத்துல ஒரு நாள்கூட கிளாரி பீர்ல நுரை வந்ததில்ல தெல்மா, அவன் மனசு நோகக் கூடாதுன்னு நாங்க மூணு பேரும் மூச்சு விட்டதுமில்ல, அந்தக் கழுதை மூத்திரத்துல ஒரு பாட்டிலாவது மிச்சம் வெச்சிருக்கியா?"