காந்தம் கண்டுகொள்ளாத மோதிரம்

விரலில் மோதிரம் இல்லை என்பது கிரேன்காரருக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. உயரத்துக் கூண்டிலிருந்து கையை வெளியே தொங்கவிட்டு, மோதிரத்தைத் திருகியபடி, மேகங்கள் எங்கே போகின்றன என்று லயித்திருந்தார். கீழே மலையாகக் கிடந்த பழைய உலோகக் குவியலில்தான் அது விழுந்திருக்க வேண்டும்.

கல்யாண நாளுக்கு மனைவி போட்டுவிட்டது. ராப்பகலாகத் துணி தைத்து வாங்கியது. பாலிஷ் போடக்கூட எந்த நகைக்கடையிலும் கழற்றிக் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தாள். அவ்வளவு பாசம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

நல்லவேளை, தொழில் கைகொடுத்தது. பயிற்சியில் காந்த உட்புகுதிறன் என்று வாயில் நுழையாத ஒன்றைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவருக்குப் புரிந்தது இவ்வளவுதான்: இரும்பு காந்தத்தை உள்ளே விட்டுக்கொண்டு அதன் பின்னாலேயே ஓடிவிடும், செம்பு, அலுமினியம், தங்கமெல்லாம் ஏறெடுத்தும் பார்க்காது. இரும்பை அள்ளிவிட்டால் மிச்சத்தில் மோதிரம் இருக்கும்.

மின்காந்தத்தை இறக்கினார். கட்டில் கால்களும் ஜன்னல் கம்பிகளும் தூக்கத்தில் நடப்பவர்களைப் போல மெல்ல எழுந்தன. துருத்தூள் வெயிலில் மிதந்தது. அந்த அழகில் சொக்கிப்போய் சுவிட்சை முன்னாலேயே அணைத்துவிட, அவ்வளவும் பிரித்து வைத்திருந்த செம்பின் மேல் சரிந்தது.

மேற்பார்வையாளர் கீழே நின்று குதித்தார். அவரைச் சமாதானப்படுத்தும் அவசரத்தில் மறுபடி அள்ளியபோது, ஓரமாக நின்ற அவருடைய சைக்கிளும் சேர்ந்து எழுந்து, அந்தரத்தில் சக்கரம் சுழற்றியது. அதை இறக்கப் போய் அதன் ஹேண்டில்பார் கோணிக்கொண்டது.

"ஐயா, நீங்க கீழயே இறங்கிடுங்க. மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்," என்றார் மேற்பார்வையாளர், கும்பிடாத குறையாக.

இன்னும் கொஞ்ச நேரம் கெஞ்சி வாங்கிக்கொண்டார். இனிக் குழப்பமே கூடாதென்று இரும்பு முழுவதையும் லாரியில் ஏற்றி உலைக்கு அனுப்பிவைத்தார். பிறகு கீழே இறங்கி, மண்டிபோட்டுச் செம்பையும் அலுமினியத்தையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். மோதிரம் மட்டும் கண்ணில் படவில்லை. அவளுடைய முகம் எப்படி வாடும் என்று நினைக்க நினைக்க அழுகை முட்டியது.

அந்த நேரம் பார்த்து மனைவி போன் செய்தாள். மறைக்க மனம் வராமல் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார்.

"கவலப்படாத, கெடச்சிடும். தங்கம்தான் காந்தத்துல ஒட்டாதே. அதான் இரும்பையெல்லாம் உலைக்கு அனுப்பிட்டேன்," என்று அவளைத் தேற்றினார்.

மறுமுனையில் தையல் மெஷின் நின்றது.

"மொதல்ல அந்த லாரியத் திருப்பச் சொல்லுங்க."